தோண்டிய ஆழம், அங்குலத்தில்

எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு பெண் பச்சோந்தி உண்டு. தண்ணீர் இணைப்பு கொடுக்கும்போதே கூடவே கொடுத்துவிடுவார்கள். பச்சோந்தி வேண்டாம் என்றால் தண்ணீரும் வராது. எனக்கு வந்தவள் பெயர் பூங்காவனம். பெயரை ஓர் அட்டையில் எழுதி வாலில் கட்டி அனுப்பியிருந்தார்கள்.

நான் மீட்டர் பார்ப்பவன். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்த்துக் கட்டத்தில் எழுதுவேன். வீட்டில் ஆள் இல்லையென்றால் 'கதவு பூட்டு' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். விதியே அதற்கு இடம் கொடுக்கிறது. மற்றவர்கள் ஒரு தெரு முழுக்க அப்படி எழுதிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள். நான் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படி எழுதியதில்லை. சுவர் ஏறிக் குதித்திருக்கிறேன். ஒரு வீட்டில் சாவு விழுந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். அதில் எனக்குப் பெருமைதான். இல்லை என்று பொய் சொல்லப்போவதில்லை.

பூங்காவனத்தை முதல் மூன்று மாதம் எனக்குப் பிடிக்கவில்லை. நான்காவது மாதம் பிடித்துவிட்டது. கூண்டுக்குள் கொய்யாக் கிளையில் உட்கார்ந்து, ஒரு கண்ணால் என்னையும் இன்னொரு கண்ணால் சுவரையும் பார்ப்பாள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் ஓர் உயிர் நம்மைப் பாதியாவது பார்க்கிறது. என் விரலில் இருக்கும் வெட்டுக்கிளியை நாக்கை நீட்டி எடுப்பாள். அந்த நேரத்தில் எனக்குக் கண் கலங்கும். ஏன் என்று தெரியாது.

ஆவணி மாதம் அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். கிளையை விட்டுத் தரைக்கு இறங்கினாள். அதற்கு முன் ஒருநாளும் தரையில் கால் வைத்தவள் இல்லை. நாள் முழுக்க மூலைக்கு மூலை நடந்து கூண்டின் தகரத்தை நகத்தால் பிறாண்டினாள். பச்சை உடம்பில் மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள் கிளம்பின. இரண்டு பக்கமும் வயிறு புடைத்தது.

அடுத்த வீட்டு வேதவல்லி அக்காவிடம் தூக்கிக்கொண்டு போனேன். அக்காவின் வீட்டுக்காரர் போன வருஷம் எடை பார்க்கும் மெஷின் ஆகிவிட்டார். ரயில் நிலையத்தில் வண்ண விளக்குகள் சுற்ற நிற்குமே, அதே மெஷின். ஹாலில் நிற்கிறார். அக்கா தினமும் துடைத்து விபூதி பூசுவார். ஏறி நின்றால் விளக்கு சுற்றும், ஓர் அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் பலன்.

பூங்காவனத்தை அவர் மேல் வைத்தேன். அட்டை விழுந்தது. போன மாதத்தைவிட ஐம்பது கிராம் கூடுதல். பலன்: குடும்பத்தில் சுபகாரியம் நடக்கும்.

"தம்பி, இது முழுகாம இருக்கு" என்றார் அக்கா.

"ஆம்பளப் பச்சோந்தியையே இது பாத்ததில்லக்கா."

"அதெல்லாம் நாம கேக்கப்படாது. எத்தன மாசம்?"

அக்காவின் மகள் செவ்வந்தி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். ஏழாம் மாதம். வருகிறவர்கள் எல்லாம் முதலில் வயிற்றைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று அவள் எப்போதும் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு சுவர்ப் பக்கம் போய் நின்று பார்த்தார்கள். அன்றைக்கு அவள் எழுந்து வந்து பூங்காவனத்தின் முகத்தை மட்டும் பார்த்தாள். வயிற்றைப் பார்க்கவில்லை.

"கண்ணு உள்ள போயிருக்கு மாமா. தண்ணி குடிக்கல. டாக்டர்ட்ட கொண்டு போங்க."

டாக்டர் எஸ்தர் ஆஸ்பத்திரியில் ஒரு நீண்ட நடைக்கூடத்தின் கடைசியில் இருந்தார். பெஞ்சில் உட்கார்ந்தால் நடை இன்னும் நீளும். நின்றால் அப்படியே இருக்கும். உட்கார்ந்துவிட்ட ஒருவரைத் தூரத்தில் புள்ளியாகப் பார்க்க முடிந்தது. நான் நின்றேன்.

டாக்டர் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு பூங்காவனத்தின் வயிற்றை விரலால் தடவினார். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார்.

"முப்பத்திரண்டு முட்ட."

"ஆணே கெடையாது டாக்டர்."

"ஆண் வேண்டியதில்ல. கரு இருக்காது, முட்ட இருக்கும். அது வந்தே தீரும். ஈர மண்ணு வேணும். ஒரு அடி ஆழம். சுரங்கம் தோண்டி, அடியில போய் போட்டுட்டு, மூடிட்டு மேல வரும். ஒண்ணே ஒண்ணு."

"சொல்லுங்க."

"யாரும் பாக்கக் கூடாது. தோண்டும்போது ஒரு கண்ணு பட்டாலும் பாதியில விட்டுட்டு ஏறிரும். அப்பறம் எறங்காது. முட்ட உள்ளயே நின்னுரும்."

"நின்னா?"

"செத்துரும்."

"எத்தன நாள் இருக்கு?"

"பத்து. பகல்ல கண்ண மூடிக்க ஆரம்பிச்சுட்டா இங்க கொண்டு வராதீங்க. வந்து பிரயோசனம் இல்ல."

"நீங்க ஏன் டாக்டர் கண்ண மூடிக்கிட்டுப் பாக்குறீங்க?"

"மரியாதைக்கு" என்றார்.

எங்கள் ஊரில் மண் கிடையாது. எல்லா இடத்திலும் சிமெண்ட் போட்டாகிவிட்டது. ஈனும் உயிர்கள் பிரிவு அலுவலகத்தின் தீயணைப்பு வாளிகளில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. ஊரில் மிச்சமுள்ள மண் அவ்வளவுதான். மறுநாள் காலையில் அங்கே போனேன். கவுண்டர் முழங்காலுக்குக் கீழே இருந்தது. தரையில் குப்புறப் படுத்துத்தான் பேச வேண்டும். உள்ளே அலுவலர் குணசீலனும் அதேபோலக் குப்புறப் படுத்திருந்தார். இருவருக்கும் மூக்கு நேருக்கு நேர்.

"கணவர் பெயர்?"

"அவளுக்குக் கணவர் இல்ல சார்."

"அப்ப முட்ட?"

"அது பாட்டுக்கு வருது."

"அது பாட்டுக்கு வர்றதுக்கு எங்ககிட்ட படிவம் இல்ல. ஒரு பேரு போடுங்க. எந்தப் பேரா இருந்தாலும் சரி, ஆனா ஆதாரம் வேணும்."

என்னிடம் என் பெயருக்கு மட்டும்தான் ஆதாரம் இருந்தது. அதை எழுத மானம் இடம் கொடுக்கவில்லை. குடியிருப்பில் என்ன பேசுவார்கள் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். நான்கு நாள் யோசித்தேன். பூங்காவனம் நான்கு நாளும் தகரத்தைப் பிறாண்டினாள். முன்கால் நகம் ஒன்று பெயர்ந்து விழுந்தது. யோசித்தது நானாக இருந்தாலும் செலவானது அவளுடைய நாட்கள். அது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

ஐந்தாம் நாள் மறுபடி குப்புறப் படுத்து, கணவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். தணிகாசலம். கையெழுத்து தெளிவாக விழுந்தது.

குணசீலன் ஆறு வாளி மண்ணை ஒதுக்கினார். அதிலிருந்த பீடித்துண்டுகளை அவரே பொறுக்கி எடுத்தார். பிறகு இன்னொரு படிவத்தை நீட்டினார். தோண்டத் தொடங்கிய நேரம். தோண்டிய ஆழம், அங்குலத்தில். முட்டைகளின் எண்ணிக்கை. பார்த்தவர் கையொப்பம்.

"பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க சார்."

"பாக்காம எப்படி எழுதுவீங்க?"

"அதான் கேக்குறேன்."

"கட்டம் காலியா இருந்தா மண்ண அள்ளிட்டு வந்துருவோம். அது உள்ள இருந்தாலும் சேத்துத்தான் அள்ளுவோம்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "கதவு பூட்டுன்னு எழுதலாம். அதுக்கு விதியில எடம் இருக்கு. எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க."

"நான் அப்படி எழுதுற ஆள் இல்ல சார்."

"கேள்விப்பட்டேன்" என்றார் குணசீலன். அவர் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது.

மண்ணோடு நான் வீடு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. கணவர் பெயர் போட்டாகிவிட்டது என்றால் வளைகாப்பு செய்யாமல் விட முடியாது. ஆறாம் நாள் காலை என் வீட்டில் நாற்பது பேர் இருந்தார்கள். ஐந்து வகைச் சாதம். வேதவல்லி அக்கா பட்டுப் புடவையில் வேர்த்து வழிந்தார். ஆறு வாளி மண்ணையும் ஒரு தொட்டியில் கொட்டி ஹால் நடுவில் வைத்துச் சுற்றிலும் கோலம் போட்டிருந்தார்கள். தொட்டியைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாற்காலிகள்.

பூங்காவனத்தை ஒரு தாம்பாளத்தில் உட்கார வைத்தார்கள். கன்னத்தில் சந்தனம் தடவினார்கள். சந்தனம் ஒரு கண்ணை மூடிவிட்டது. கண்ணாடி வளையல் எந்தக் காலிலும் நிற்காததால் வாலில் போட்டார்கள். ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்று ஒன்பது. ஒவ்வொரு வளையலுக்கும் அவள் ஒரு நிறம் இருண்டாள். ஒன்பதாவதற்கு முழுக்கக் கறுப்பாகிவிட்டாள்.

"வெக்கத்துல கறுக்குது பாரு" என்றாள் ஒருத்தி.

"தோண்டச் சொல்லுங்க தம்பி, பாத்துட்டுப் போறோம்" என்றார் இன்னொருவர். வாய் நிறையப் புளிச்சாதம்.

எனக்கும் ஒரு மாலை போட்டிருந்தார்கள். மாலை போட்டுக்கொண்டு சத்தம் போடுவது நன்றாக இருக்காது. இது கோழைத்தனம்தான்.

செவ்வந்திதான் எழுந்து வந்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் நடுவே நடந்தாள். வாலிலிருந்து வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தாள். தன் நீலச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து தொட்டியைச் சுற்றித் திரையாகக் கட்டினாள். பூங்காவனத்தை உள்ளே விட்டாள். விடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எல்லாரும் வெளிய போங்க. எனக்கு ஆசையா இருக்கு, எல்லாரும் வெளிய போறதப் பாக்கணும்னு."

பிள்ளைத்தாய்ச்சி ஆசையாகக் கேட்டால் மறுக்கக் கூடாது. நாற்பது பேரும் இலையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள்.

"மாமா, நீங்களும் பாக்காதீங்க."

"பாக்க மாட்டேம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

"கட்டத்துல கதவு பூட்டுன்னு எழுதிருங்க. ஒரே ஒரு தடவ. யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

நான் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அவள் வற்புறுத்தவில்லை. என்னை நம்பினாள் என்று நினைக்கிறேன்.

இரண்டு நாள் பூங்காவனம் தொட்டிக்குள் அசையாமல் இருந்தாள். கூட்டம் போய்விட்டதா என்று அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை போலிருக்கிறது. எட்டாம் நாள் காலை பத்து நாற்பதுக்குச் சத்தம் கேட்டது. சரக். கொஞ்சம் நிறுத்தம். சரக் சரக். நான் திரைக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தேன். படிவம் மடியில் இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அவள் பிழைக்கப் போகிறாள். வெட்டுக்கிளி பிடித்துக் கொடுப்பேன். கொய்யாக் கிளை புதிதாக வெட்டி வைப்பேன்.

தோண்டத் தொடங்கிய நேரம்: 10.40. முதல் கட்டம் நிரம்பியது.

இரண்டாவது கட்டம் காலியாக இருந்தது.

பதினோரு மணிக்குச் சத்தம் ஆழத்திலிருந்து வந்தது. பதினொன்றேகாலுக்கு இன்னும் ஆழம். ஏழு அங்குலம் இருக்கும் என்று தோன்றியது. எட்டும் இருக்கலாம். உத்தேசமாக எழுதினால் அது பொய். 'கதவு பூட்டு' என்று எழுதினால் அதுவும் பொய், கதவு திறந்துதான் இருந்தது. நான் எழுந்துபோய்க் கதவைப் பூட்டிவிட்டு வந்து எழுதியிருக்கலாம். அது இப்போது தோன்றுகிறது. அப்போதும் தோன்றியது.

ஒரு கண்ணால் பார்த்தால் அது பாதிப் பார்வைதானே என்று நினைத்தேன். அவளும் என்னை அப்படித்தானே பார்த்திருக்கிறாள். இடது கண்ணை மூடிக்கொண்டேன். ஸ்கேலை எடுத்துக்கொண்டேன். திரையை விரல் அகலம் விலக்கினேன்.

"நான் இல்லாத மாதிரி நெனச்சுக்கோ" என்றேன்.

சத்தம் நின்றது.

மண்ணில் அழகான ஒரு துளை. ஈரமாக, வட்டமாக, என் மணிக்கட்டு நுழையும் அளவு. அவள் பின்பக்கமாக நகர்ந்து மேலே வந்தாள். தலையில் மண். பெயர்ந்த நகத்தில் ரத்தம். துளையின் வாயில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். இரண்டு கண்ணாலும் பார்த்தாள். இரண்டையும் ஒருசேர என் மேல் திருப்பியது அதுதான் முதல் தடவை. பிறகு திரைச்சேலையைப் பிடித்து ஏறி, பக்கத்தில் திறந்திருந்த கூண்டின் கொய்யாக் கிளைக்குப் போய்விட்டாள்.

ஸ்கேலை விட்டு அளந்தேன். ஒன்பது அங்குலம். எழுதினேன்.

அதன்பிறகு அவள் இறங்கவில்லை. நான் அவள் காலைப் பிடித்து மண்ணில் விட்டேன். ஏறிவிட்டாள். கைகூப்பிக் கேட்டேன். என் கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாம் நாள் பகலில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அன்று மாலை ஒரு கால் கிளையை விட்டது. பத்தாம் நாள் காலை மற்ற மூன்று கால்களும் விட்டன. விழுந்த சத்தம் அதிகமில்லை. தாங்க முடியாமல் தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு படிவத்தைப் பார்த்தேன். மூன்றாவது கட்டம் இன்னும் காலியாக இருந்தது.

டாக்டரிடம் கொண்டுபோனேன். இந்தத் தடவை அவர் கண்ணைத் திறந்துகொண்டு அறுத்தார். எல்லாம் வரிசையாக, வெள்ளையாக, சோளமுத்து போல இருந்தன. முப்பத்திரண்டு. ஒன்றுகூட உடையவில்லை.

"யாரு பாத்தா?" என்று கேட்டார்.

"கூட்டம் கூடிருச்சு டாக்டர்" என்றேன்.

என் கணக்கில், இருபத்திரண்டு வருஷத்தில் நான் சொன்ன முதல் பொய் அது. படிவத்தில் இல்லை, வாயில்தான்.

குணசீலன் படிவத்தைத் தரையில் விரித்து மேலிருந்து கீழாக மூன்று தடவை படித்தார்.

"முப்பத்திரண்டும் வெளிய வந்துருச்சுல்ல?"

"வந்துருச்சு சார்."

"அப்ப சுகப்பிரசவம்" என்று முத்திரை குத்தினார். "எல்லாக் கட்டமும் நிரம்பின படிவம் இந்தப் பிரிவுல இதான் சார் முதல். உங்கள மாதிரி ஆளு மீட்டர் பாத்துக்கிட்டு இருக்கக் கூடாது."

படுத்த நிலையிலேயே எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்திய துண்டு தரையோடு சேர்ந்து கொஞ்சம் அழுக்கானது. பதவி உயர்வு ஆணையும் கொடுத்தார்கள். ஐப்பசி முதல் நான் இந்தப் பிரிவின் பார்வையாளர். ஆறு வாளி மண்ணை அவர்களே வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். ஒன்பது அங்குலத் துளையும் அதோடு போய்விட்டது.

முதல் பணி என் பக்கத்து வீட்டிலேயே இருந்தது.

வேதவல்லி அக்கா வாசலில் காத்திருந்தார். எனக்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார்.

"வாங்க தம்பி. தெரிஞ்சவங்களா வந்ததுல எனக்கு நிம்மதி. ரெண்டு நாளா சாப்பிடல. மூலைக்கு மூலை நடக்குறா."

"எப்ப ஆரம்பிச்சது?"

"காலையில பத்து நாப்பது இருக்கும்."

எழுதிக்கொண்டேன். ஹாலைக் கடக்கும்போது, ஏறாமலேயே, அக்காவின் வீட்டுக்காரர் எனக்கு ஓர் அட்டை தள்ளினார். அவருடைய விளக்குகள் எல்லாம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அட்டையில் எடையும் இல்லை, பலனும் இல்லை. இரண்டு பக்கமும் காலி. காலியாக எதைப் பார்த்தாலும் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

பின்கட்டு அறையில் நீலச் சேலை திரையாகக் கட்டியிருந்தது. அதற்குப் பின்னால் காலடிச் சத்தம். மூலைவரை போய்த் திரும்பியது. மறுபடி போனது. இடையில் அடக்கிய ஒரு முனகல்.

நாற்காலியைத் திரைக்கு அருகில் போட்டு உட்கார்ந்தேன். படிவத்தை மடியில் விரித்தேன். அதே படிவம்தான். மனிதர்களுக்கென்று தனியாக அச்சடிக்கவில்லை.

"யாரு?" என்றாள் செவ்வந்தி.

"நான்தாம்மா. மாமா."

காலடி நின்றது.

"மாமா, உங்கள கும்புடறேன். கதவு பூட்டுன்னு எழுதிட்டுப் போயிருங்க."

சுற்றிலும் பார்த்தேன். அந்த அறைக்கு நிலைச்சட்டம் இருந்தது. திரை இருந்தது.

"கதவே இல்லையேம்மா" என்றேன்.

பென்சிலைச் சீவி, ஸ்கேலை எடுத்து, இடது கண்ணை மூடிக்கொண்டேன்.

"நான் இல்லாத மாதிரி நெனச்சுக்கோ."

திரையை விரல் அகலம் விலக்கினேன். முனகல் நின்றது.